மருந்து வீட்டுக்கு, தாய் ஆஸ்பத்திரிக்கு

எங்கள் அம்மம்மா மலேரியா என்று சொன்னதே இல்லை. அவருக்கு அது குலைப்பன் காய்ச்சல். தொண்ணூறுகளில், பொருளாதாரத் தடைக் காலத்தில், யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லை, கடைகளில் மருந்தும் அரிது. ஒழுங்கையில் யாருக்காவது காய்ச்சல் என்றால் சைக்கிளில் ஒருவர் வருவார். விரல் நுனியில் குத்தி, ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தேய்த்து, காற்றில் உலரவிட்டு, தாளில் சுற்றி வைப்பார். முடிவு வர நாளாகும். அதுவரை காத்திருக்காமல் குளோரோகுயின் குளுசையைக் கையில் தந்துவிட்டுப் போவார். அந்தக் கசப்பை நான் இன்னும் மறக்கவில்லை. அதே ஒழுங்கைக்கு இன்னொரு சைக்கிளும் வரும். அது மருத்துவிச்சி அக்காவுடையது.

அந்த இரண்டு சைக்கிள்களையும் நினைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். 2023இல் மலேரியாவால் உலகில் ஏறத்தாழ 6 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணித்தது. அவர்களில் 95 வீதத்தினர் ஆபிரிக்காவில். அதே ஆண்டில் கர்ப்பத்தாலும் பேற்றாலும் இறந்த பெண்கள் ஏறத்தாழ 2 இலட்சத்து 60 ஆயிரம் பேர். இதிலும் பெரும்பங்கு சகாராவுக்குத் தெற்கே உள்ள நாடுகளில்தான். இரண்டுக்கும் மருத்துவம் தெரியும், மருந்தும் இருக்கிறது. ஆனால் அது ஆட்களிடம் போய்ச் சேருவதில்லை. அதைச் சேர்ப்பதற்கு நாடுகள் பல வழிகளை முயன்று பார்த்திருக்கின்றன.

முதலில் கட்டணம். 1987இல் மாலியின் பமாக்கோ நகரில் எடுத்த முடிவுக்குப் பிறகு, நோயாளியிடம் மருந்துக்குச் சிறு தொகை வாங்கி, அதை வைத்தே சுகாதார நிலையத்தை நடத்தும் முறை ஆபிரிக்காவில் பரவியது. காசு கொடுத்தால்தான் பொருளின் அருமை தெரியும் என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயங்களில் ஒன்று. கென்யாவில் கர்ப்பிணிகளுக்கான நுளம்புவலையை வைத்து இதைச் சோதித்தார்கள். இலவசமாக இருந்த வலைக்கு அரை டொலரைச் சற்றுத் தாண்டிய ஒரு விலை வைத்ததும், வாங்கியவர்களின் பங்கு 60 வீதப் புள்ளிகள் சரிந்தது. காசு கொடுத்து வாங்கியவர்கள் இலவசமாகப் பெற்றவர்களைவிட அதிகமாக அதைப் பயன்படுத்தவும் இல்லை. உகண்டா 2001இல் அரச நிலையங்களில் கட்டணத்தை எடுத்தது. சியரா லியோன் 2010இல் கர்ப்பிணிகளுக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் சிகிச்சையை இலவசமாக்கியது. இலங்கை இதை 1951இலேயே செய்துவிட்டது. இந்த வழியைப் பற்றி இதற்கு மேல் யோசிக்க எனக்கு எதுவும் இல்லை.

அடுத்தது கடை வழி. காய்ச்சல் வந்தால் ஏழை வீட்டார் முதலில் போவது பக்கத்துக் கடைக்கு. அப்படியென்றால் நல்ல மருந்தை மானிய விலையில் அந்தக் கடையிலேயே வைத்துவிடலாமே? 2010 முதல் கானா, கென்யா, நைஜீரியா, தன்சானியா, உகண்டா முதலிய நாடுகளில் அதைச் செய்தார்கள். மலேரியாவுக்கான ஆர்டெமிசினின் கூட்டு மருந்துப் பெட்டியில் ஒரு பச்சை இலை அடையாளம் இருக்கும்; விலையும் இறங்கியது. சில நாடுகளில் கடைகளில் மருந்து தாராளமாகக் கிடைத்தது உண்மை. ஆனால் கடைக்காரர் இரத்தம் பார்ப்பதில்லை, காய்ச்சல் என்றால் கொடுத்துவிடுவார். மானியக் குளுசைகளில் கிட்டத்தட்டப் பாதி மலேரியா இல்லாதவர்களுக்கே போவதாகக் கென்யாவில் நடந்த ஓர் ஆய்வு கண்டது. நியூமோனியாவோடு இருக்கும் பிள்ளைக்கு மலேரியா மருந்தைக் கொடுத்துவிட்டு இரண்டு நாள் பார்த்திருப்பது சின்னப் பிழை இல்லை.

மூன்றாவது, ஊருக்குள்ளேயே ஒருவரைப் பயிற்றி வைப்பது. எதியோப்பியா 2003 அளவில் இதைத் தொடங்கியது. ஓர் ஊர்ப்பிரிவுக்கு இரண்டு பெண்கள், ஒரு வருடப் பயிற்சி, அரசாங்கச் சம்பளம். அவர்கள் இன்று 30 ஆயிரத்துக்கு மேல். அவர்களுடைய பையில் இருப்பது சின்னச் சோதனைப் பட்டை. ஒரு சொட்டு இரத்தம், இரண்டு சொட்டுத் திரவம், பதினைந்து இருபது நிமிடம். இரண்டு கோடு விழுந்தால் மலேரியா, ஒன்று விழுந்தால் இல்லை. எங்களுக்குப் பல நாள் எடுத்த முடிவு இப்போது திண்ணையிலேயே தெரிந்துவிடுகிறது. பிறகு மூன்று நாளைக்கு ஆறு வேளை மருந்து. கடைக்கும் இவருக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்: கடைக்காரருக்கு விற்றால்தான் வருமானம், இந்தப் பெண் ‘உனக்கு இது மலேரியா இல்லை, ஆஸ்பத்திரிக்குப் போ’ என்று சொன்னாலும் சம்பளம் குறையாது. அதனால் பல நாடுகளில் இவர்களைத் தொண்டர்களாகவே வைத்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. சம்பளம் இல்லாதவர் தோட்டத்தில் வேலை வந்தால் அங்கேதான் போவார். பையில் மருந்து தீர்ந்த நாளிலும் அவர் வெறுங்கையோடுதான் நிற்பார். சம்பளமும் மருந்தும் ஒழுங்காக வந்தால்தான் இந்த வழி வழியாகும்.

ஆனால் பிள்ளைப்பேறு என்று வரும்போது இதே நியாயம் தலைகீழாகிறது. ஊர் மருத்துவிச்சிகளுக்கு வகுப்பு வைத்து, வீட்டுப் பேற்றையே பாதுகாப்பாக்கலாம் என்று எழுபதுகளிலும் எண்பதுகளிலும் பல நாடுகள் முயன்றன. தாய்மாரின் மரணம் அதனால் பெரிதாகக் குறையவில்லை. பேற்றுக்குப் பிறகு இரத்தம் கொட்டத் தொடங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உயிர் போய்விடலாம். அப்போது தேவைப்படுவது இரத்தப்போக்கை அடக்கும் ஒக்சிரோசின் ஊசி, ஏற்றுவதற்கு இரத்தம், சத்திரசிகிச்சைக் கூடம். இவற்றை யாரும் சைக்கிளில் கொண்டுவர முடியாது. மருந்து வீட்டுக்கு வரலாம். பேற்றுக்குத் தாய்தான் போகவேண்டும்.

எப்படிப் போவது? இந்தியா 2005இல் காசு கொடுத்துப் பார்த்தது. பின்தங்கிய மாநிலங்களின் கிராமங்களில், ஆஸ்பத்திரியில் பெற்றால் தாய்க்கு 1,400 ரூபாய். ஆஸ்பத்திரிப் பேறுகள் வேகமாகக் கூடின. ஆனால் போய்ச் சேரும் இடத்தில் இரத்தமும் சத்திரசிகிச்சை நிபுணரும் இல்லாவிட்டால் அந்தப் பயணத்தால் என்ன பயன்? எதியோப்பியாவும் சாம்பியாவும் வேறொன்றையும் செய்கின்றன: ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே ஒரு காத்திருப்பு வீடு. தூரத்துக் கர்ப்பிணிகள் நாள் நெருங்க முன்பே வந்து தங்கி, நோவு தொடங்கியதும் நடந்தே போய்விடலாம்.

இதன் அருமை எங்கள் தீவுப்பகுதியாருக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் படகில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். அதன் பிறகு யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குத் தரைவழி. சோளகம் பெயர்ந்து கடல் கொந்தளித்தால் அதுவும் நிச்சயமில்லை. எனக்குத் தெரிந்த ஒரு தீவுக் குடும்பத்தில், மகளுக்கு ஒன்பதாம் மாதம் பிறந்ததும் தாய் பாயையும் உடுப்புப் பையையும் கட்டிக்கொண்டு நல்லூரில் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்துவிட்டார். நல்லூரில் சொந்தம் இல்லாதவள் எங்கே போவாள்? காத்திருப்பு வீடு அவளுக்காகத்தான். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் எங்கள் பக்கத்துக்கு வந்தது பெரிய விடயம், ஆனால் அது கடலில் ஓடாது.

இந்த இரண்டு நோக்கங்களும் ஒரே ஆளின் கையில் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. மலேரியாக் கிருமி கர்ப்பிணியின் நச்சுக்கொடியில் ஒளிந்திருக்கும். பல வேளை காய்ச்சலே இருக்காது, ஆனால் தாய்க்குச் சோகை, பிள்ளைக்கு நிறைக் குறைவு. காய்ச்சலைப் பார்த்திருந்தால் பிந்திவிடும். அதனால்தான் ஆபிரிக்காவில் மலேரியா அதிகமான இடங்களில் நான்காம் மாதத்திலிருந்து கிளினிக்குக்கு வரும்போதெல்லாம், மாத இடைவெளி விட்டு, குறைந்தது மூன்று தடவை மலேரியாவைத் தடுக்கும் சல்பாடொக்சின்-பைரிமெதமின் குளுசை கொடுக்கச் சொல்கிறார்கள். மலேரியாவுக்கு ஒரு திட்டம், தாய்மாருக்கு வேறு திட்டம் என்று காசைப் பிரித்தால், கிளினிக்குக்கே வராத பெண் இரண்டையும் இழக்கிறாள். அவளை முதல் மாதங்களிலேயே வீட்டில் கண்டு பதிந்து, வரவைப்பதற்கு ஒருவர் வேண்டும். எங்கள் மருத்துவிச்சி அக்கா படலையில் நின்று, “பிள்ளை, இந்தமுறை கிளினிக்குக்கு வரேல்ல, ஏன்?” என்று கேட்பார். பதில் கேட்கும்வரை சைக்கிளில் ஏறமாட்டார்.

1934-35 கொள்ளை நோயில் ஏறத்தாழ 80 ஆயிரம் பேரைப் பறிகொடுத்த இலங்கையில், உள்ளூரில் தொற்றிய கடைசி மலேரியா 2012 ஒக்டோபரில். 2016இல் மலேரியா அற்ற நாடு என்ற சான்று வந்தது. தாய் மரணமும் இந்த நாட்டில் மிகக் கீழே இறங்கியிருக்கிறது. பணக்கார நாடாகி அதைச் செய்யவில்லை. அதனால் என்னிடம் கேட்டால், குறைந்த காசுள்ள நாடு முதல் காசைச் சம்பளம் பெறும் ஊர்ப் பெண்ணுக்குப் போடவேண்டும். அடுத்தது இரத்தமும் சத்திரசிகிச்சையும் உள்ள ஒரு மாவட்ட ஆஸ்பத்திரிக்கும் அதன் பக்கத்துக் காத்திருப்பு வீட்டுக்கும். கடைக்கு மானியம் கொடுப்பதானால் சோதனைப் பட்டையோடு மட்டும். தாய்க்குக் காசு கொடுப்பது இவ்வளவும் நடந்த பிறகு.

மன்னாரில் முதலில் கண்ட, மலேரியாவைப் பரப்பும் ஸ்டீபன்சி நுளம்பு இப்போது யாழ்ப்பாணக் கிணறுகளிலும் முட்டையிடுகிறது. ஆபிரிக்காவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் மலேரியாவோடு வருபவர்கள் ஆண்டுதோறும் சில பத்துப் பேர். அதனால் விரல் நுனியில் குத்துகிற அந்த வேலையை இங்கேயும் இன்னும் யாரும் நிறுத்தவில்லை.