டவர் ஸ்பீக்கரா, சின்ன ஸ்பீக்கரும் சப்வூஃபருமா? மிருதங்கம் சொன்ன தீர்ப்பு

எங்கள் ஹால் 14 அடிக்கு 10 அடி. பெரியப்பா ஊரிலிருந்து வரும்போதெல்லாம் மிருதங்கத்தையும் கூடவே எடுத்து வருவார். மைக் இல்லாமல், கைக்கெட்டும் தூரத்தில் அதைக் கேட்டுப் பழகிய காதுக்கு, அதே ஹாலில் ஓடும் கச்சேரிப் பதிவும் அப்படியே இருக்கவேண்டும் என்று ஒரு பிடிவாதம் வந்துவிடுகிறது. சபாக்களில்கூட நாம் பெரும்பாலும் ஸ்பீக்கரைத்தான் கேட்கிறோம். அதனால் எனக்கு அளவுகோல் பெரியப்பாவின் மிருதங்கம்தான்.

நான்கு வருடம், தரையில் நிற்கும் உயரமான டவர் ஸ்பீக்கர் வைத்திருந்தேன். போன வருடம் அதை விற்றுவிட்டு, ஸ்டாண்டில் நிற்கும் புக்‌ஷெல்ஃப் எனும் சின்ன ஸ்பீக்கர் ஜோடியும், தாழ்ந்த ஒலிக்கென்றே ஒரு சப்வூஃபரும் வாங்கினேன். பார்வைக்கு டவர்தான் கம்பீரம். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. வயரும் பிளக் பாயின்டும் டவருக்குக் குறைவு. இதெல்லாம் கடையிலேயே தெரிந்துவிடும். வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிவது, பெட்டியை எங்கே வைக்க முடிகிறது என்பது.

டவரில் வயலினும் குரலும் அருமையாக இருந்தன. மிருதங்கத்தின் வலது பக்கமான வலந்தலையும் சரிதான். கரணை என்ற கருப்புப் பசை வட்டம் போட்ட அந்தப் பக்கத்தின் மேல்நாதங்கள் (அடிநாதத்தோடு சேர்ந்து பிறக்கும் உயர்ந்த ஒலிகள்) தந்தியைப் போல ஸ்ருதியோடு சேர்ந்து வருகின்றன என்பதை சர் சி. வி. ராமன் 1920-லேயே எழுதியிருக்கிறார். அந்த ஸ்ருதி சுத்தம் டவரில் நன்றாகவே கேட்டது. கெட்டது, ரவைப் பசை அப்பி வாசிக்கும் இடது பக்கமான தொப்பியில். சில அடிகள் மட்டும் வீங்கி, அடுத்த அடி விழுந்த பிறகும் ஹாலிலேயே நின்றன. தொப்பியில் கையை அழுத்தி இழுக்கும் கும்கியின் குழைவு முழுக்கக் கலங்கிப்போனது. ஆம்பை மாற்றிப் பார்த்தேன், வயரை மாற்றிப் பார்த்தேன், பலன் இல்லை.

ஒருநாள் பெரியப்பா வாசித்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. அதே ஹால், அதே மொசைக் தரை, ஆனால் அவருடைய தொப்பி வீங்கவில்லை. அவர் உட்கார்ந்திருந்தது சுவரிலிருந்து மூன்றரை அடி தள்ளி. டவர்கள் நின்றதோ சுவரை ஒட்டி.

நம் ஊர் வெயிலில், 30 டிகிரியில், ஒலி நொடிக்குச் சுமார் 349 மீட்டர் போகும். 14 அடி என்பது 4.27 மீட்டர். கணக்குப் போட்டால், எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே 41 ஹெர்ட்ஸும் அதன் இரட்டிப்பான 82 ஹெர்ட்ஸும் தேங்கி நிற்கும் என்று வருகிறது. சுவரோரம் வைத்த ஸ்பீக்கர் இந்த இரண்டு ஒலிகளையும் முழு பலத்தோடு கிளப்பும். நம் சோபாவும் எதிர்ச்சுவரை ஒட்டிக் கிடந்தால் காதுக்கும் அதுவே உச்சம். நீளத்தில் கால் பங்கு தள்ளி, அதாவது மூன்றரை அடியில், 82 ஹெர்ட்ஸ் ஏறக்குறைய கிளம்பவே கிளம்பாது. பெரியப்பா தற்செயலாக அங்கே உட்கார்ந்திருக்கிறார்.

சரி, டவரையும் அங்கே நகர்த்தலாமே என்றால், ஒவ்வொன்றும் 25 கிலோ, அடியில் கூர்முனை வேறு. மூன்றரை அடியில் அடுக்களைக்குப் போகும் வழி. தினமும் இழுத்து வைத்து எடுக்கிற காரியமில்லை. புக்‌ஷெல்ஃப் என்றால் ஸ்டாண்டோடு ஒரு கையால் தூக்கிவிடலாம். தரையில் டேப் ஒட்டிக் குறித்திருக்கிறேன். கேட்கும்போது அந்தக் குறிக்கு வரும், முடிந்ததும் சுவரோரம் போகும். நாற்காலியையும் எதிர்ச்சுவரிலிருந்து இரண்டடி முன்னே போட்டுக்கொள்கிறேன்.

80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைச் சப்வூஃபர் பார்த்துக்கொள்கிறது. அதற்கு இடம் தேட ஒரு பழைய வழி உண்டு. சப்வூஃபரை நீங்கள் உட்காரும் நாற்காலியில் வைத்து தொப்பி நன்றாகக் கேட்கும் பதிவு ஒன்றை ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து வாருங்கள். அடிகள் ஒன்றுக்கொன்று சமமாகக் கேட்கும் இடம்தான் அதன் இடம். எனக்கு அது பக்கச்சுவரில், ஜன்னலுக்குக் கீழே கிடைத்தது. மூலையில் வைத்தால் சத்தம் கூடும், மிருதங்கம் போய்விடும். துளையில்லாத மூடிய பெட்டியாக வாங்கியதும் நல்லதாயிற்று. தொப்பி அடித்த கையோடு நிற்கிறது. இரண்டின் ஒலி அலைகளையும் ஒன்றாகச் சேரவைக்கும் ஃபேஸ் குமிழையும், வால்யூமையும் ஸ்பீக்கரோடு ஒட்டவைக்கத்தான் மூன்று வாரம் பிடித்தது. டவரில் இந்தத் தொல்லை கிடையாது. அடிநாதமும் மேல்நாதமும் ஒரே பெட்டியிலிருந்து ஒன்றாக வரும்.

தம்புராவுக்காகச் சப்வூஃபர் வாங்க வேண்டாம். ஒரு கட்டை ஸ்ருதியில் (மேற்கத்திய C) மந்தரத் தந்தி 65 ஹெர்ட்ஸ். சின்ன ஸ்பீக்கர்கள் பல அந்த இடத்திலேயே சோர ஆரம்பிக்கும். ஆனாலும் தந்திக்கு அடியில் வைக்கும் ஜீவாளி நூலால் பிறக்கும் மேல்நாதங்களை வைத்தே காது அடிநாதத்தை நிரப்பிக்கொள்கிறது.

வால்யூமும் முக்கியம். சத்தத்தைக் குறைத்தால் காதுக்கு முதலில் மெலிவது அடிநாதம்தான். வீணை இயல்பிலேயே மெல்லிய வாத்தியம் என்பதால் அதை அதன் நிஜ அளவிலேயே வீட்டில் கேட்கலாம். நாகஸ்வரமும் தவிலும் அடுக்குமாடி வீட்டில் நிஜ அளவுக்கு வராது, எந்த ஸ்பீக்கர் வாங்கினாலும்.

பதிவிலேயே இரண்டு பக்கமும் ஒட்டி மைக் வைத்து, தொப்பியை ஒரு ஸ்பீக்கரிலும் வலந்தலையை இன்னொன்றிலும் தள்ளியிருந்தால் மிருதங்கம் பத்தடி அகலத்துக்கு விரிந்துவிடும். அதற்கு டவரிலும் மருந்தில்லை, சின்ன ஸ்பீக்கரிலும் மருந்தில்லை. ஒரே தடத்தில் பதிந்த பழைய மோனோ கச்சேரிகளை நான் ஒரே ஸ்பீக்கரை நடுவில் வைத்துக் கேட்கிறேன். வாத்தியம் அதனதன் அளவில் உட்காருகிறது.

இருபது அடிக்கு மேல் நீளமான ஹால், ஸ்பீக்கரை நிரந்தரமாக முன்னே வைக்க இடம், இவை இருந்தால் டவரே மேலாக இருக்கலாம். கோயம்புத்தூரில் நண்பர் வீட்டில் அப்படி ஒரு மணி நேரம் கேட்டேன். மிருதங்கம் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனம் கலங்காமல் வந்தது. அந்த ஒரு மணி நேரத்தை வைத்து இதற்கு மேல் சொல்வது சரியல்ல.

பொங்கலுக்கு வந்த பெரியப்பாவை நாற்காலியில் உட்காரவைத்து ஒரு தனி ஆவர்த்தனம் போட்டேன். கண்ணை மூடித் தாளம் போட்டுக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தி, "தொப்பிக்கு ரவை கொஞ்சம் கூடிப்போச்சுடா அவருக்கு" என்றார். டவரில் இதே பதிவை அவருக்கு இரண்டு முறை போட்டிருக்கிறேன். அப்போது ரவையைப் பற்றி எதுவும் சொன்னதில்லை.