ஃப்ரீத்தோவா, ஃப்ரெயீதோவா: எதைப் பழகுவது?

முட்டையைப் பொரித்துவிட்டேன் என்று ஸ்பானிஷில் சொல்ல இரண்டு வழி உண்டு: 'ஏ ஃப்ரீத்தோ', 'ஏ ஃப்ரெயீதோ'. ரெண்டுமே இலக்கணப்படி சரிதான். ஃப்ரெயீர் என்ற வினையோடு வழக்கமான விகுதியைச் சேர்த்தால் ஃப்ரெயீதோ. ஃப்ரீத்தோ லத்தீனிலிருந்து தேய்ந்து வந்த குட்டி வடிவம். இப்படி ரெட்டைக் குழந்தை பெற்ற வினைகள் மூன்றுதான் என்கிறது ஸ்பானிஷ் மொழிக்கு இலக்கண விதி சொல்லும் அமைப்பான ஸ்பானிஷ் ராயல் அகாதெமி: பொரிப்பது, அச்சடிப்பது, வேண்டியதைக் கொடுத்து வைப்பது.

பட்டியலில் முதலில் இருக்கும் பொரிப்பதை எடுப்போம் என்று, அதில் நான் ஃப்ரெயீதோவைத்தான் மனப்பாடம் செய்தேன். விதிக்கு அடங்கிய பிள்ளை, தப்பு வராது. ஒரு நாள் பேச்சுப் பயிற்சியில் காலைச் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டார்கள், 'வேவோஸ் ஃப்ரெயீதோஸ்' என்றேன். எதிரில் இருந்த அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஃப்ரீத்தோஸ்" என்று மட்டும் சொன்னார். முட்டைக்கு அடைமொழியாக நிற்கும்போது ஃப்ரெயீதோ எடுபடாது. பொரித்த உருளைக்கிழங்கு ஸ்பெயினில் பத்தாத்தாஸ் ஃப்ரீத்தாஸ், லத்தீன் அமெரிக்காவில் பாப்பாஸ் ஃப்ரீத்தாஸ். எங்கே போனாலும் ஃப்ரீத்தாஸ்தான். ஸ்பெயினில் சோபாவில் சாய்ந்தபடியே தூங்கிப்போனவரைக்கூட 'பொரிந்து கிடக்கிறார்' என்பார்கள், அதற்கும் ஃப்ரீத்தோதான் வேண்டும்.

நமக்கு இது ஏன் குழப்புகிறது என்று யோசித்தேன். தமிழில் இந்த ரெண்டு வேலைக்கும் ரெண்டு உருவம் இருக்கிறது: 'பொரித்த மீன்', 'பொரித்து இருக்கிறேன்'. பெயரெச்சம் வேறு, வினையெச்சம் வேறு. அவர்களிடம் ஒரே சொல் ரெண்டு வேலையும் செய்கிறது, ஆனால் செய்யும்போது குணம் மாறுகிறது. 'ஏ ஃப்ரீத்தோ லாஸ் பத்தாத்தாஸ்' என்றால் எத்தனை கிழங்கு ஆனாலும் கடைசி எழுத்து 'ஓ'தான், அசையாது. 'லாஸ் பத்தாத்தாஸ் எஸ்தான் ஃப்ரீத்தாஸ்' என்றால் கிழங்கின் பாலுக்கும் எண்ணுக்கும் ஏற்ப மாறிவிடும். நம் பெயரெச்சம் எதற்கும் மாறுவதில்லை, அதனால் அந்த 'ஆஸ்' நாக்கில் தானாக வராது. நான் ஆறு மாதம் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லித்தான் பழகினேன்.

ஆக, ஃப்ரீத்தோ ஒன்றையே எடுத்துக்கொள்ளுங்கள், ரெண்டு வேலைக்கும் போதும். கொடுத்து வைப்பதற்கு ப்ரொபீஸ்தோ. ப்ரொபெயீதோவை நான் இதுவரை பேச்சில் கேட்டதே இல்லை. அச்சடிப்பதில் மட்டும் போட்டி கொஞ்சம் கடுமை: இம்ப்ரிமீதோவா, இம்ப்ரேஸோவா? ஸ்பெயினில் 'அச்சடித்துவிட்டேன்' என்பதற்கு ரெண்டையும் சொல்கிறார்கள், லத்தீன் அமெரிக்கப் பக்கம் இம்ப்ரேஸோதான் அதிகம். அச்சடித்த தாள் என்று அடைமொழியாக வந்தால் எங்குமே இம்ப்ரேஸோதான் அதிகம் எடுபடுகிறது. என் ஓட்டும் அதற்குத்தான்.

அப்புறம் ஒரு குழி இருக்கிறது, நான் விழுந்த குழி. குட்டி வடிவம்தான் எப்போதும் ஜெயிக்கும் என்று நினைத்து, விழித்துக்கொண்டேன் என்பதற்கு 'மே ஏ தெஸ்பியெர்த்தோ' என்றேன். தப்பு. தெஸ்பியெர்த்தோ 'விழித்திருக்கும்' என்ற நிலையை மட்டும் சொல்லும் பெயரடை. நடந்ததைச் சொல்ல தெஸ்பெர்த்தாதோ வேண்டும். இங்கே வேலை பிரிந்துவிட்டது, ஒன்று இன்னொன்றின் இடத்தில் உட்காராது. தேவாலயத் தீர்த்தம் 'ஆக்வா பெந்தீத்தா', ஆனால் பாதிரியார் 'ஆ பெந்தெஸீதோ', அதாவது ஆசீர்வதித்திருக்கிறார்.

இந்த வகையில் எனக்கு ரொம்பப் பிடித்தது தேர்தல் ஜோடி. ஜெயித்தவர் 'ஆ ஸீதோ எலெஹீதோ', தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறார். பதவியேற்கும் நாள்வரை அவர் 'ப்ரெஸிதெந்தே எலெக்தோ'. பதவியேற்றதும் எலெக்தோ உதிர்ந்துவிடும், வெறும் ப்ரெஸிதெந்தே.