ஸ்வாப்புக்கு எஸ்எஸ்டி: தயங்கித் தயங்கி மாறினேன், இனி திரும்ப மாட்டேன்

லினக்ஸ் ஓடும் என் லேப்டாப்பில் 8 ஜிபி ரேம்தான், அதற்கு மேல் போட வழியில்லை. பிரௌசரில் நாற்பது டேப் திறந்திருக்கும்போது ஒரு பெரிய புரோகிராமையும் கம்பைல் செய்ய விட்டால் போதும், ஹார்ட் டிஸ்க் கரகரவென்று அரைக்கும், மவுஸ் பாயின்டர் அசையாமல் நிற்கும், டெர்மினலில் அடித்த எழுத்து அரை நிமிடம் கழித்து வரும். எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, சிப்பில் சேமிக்கும் டிரைவ்) வாங்கிய பிறகும் ஸ்வாப்பை, அதாவது ரேம் போதாதபோது அதில் இருப்பதைத் தள்ளிவைக்கும் டிஸ்க் இடத்தை, மட்டும் பழைய டிஸ்கிலேயே வைத்திருந்தேன், எழுதி எழுதி எஸ்எஸ்டி தேய்ந்துவிடும் என்ற பயம்.

கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் பயம் போனது. என்னுடையது 250 ஜிபி, 150 டெராபைட் எழுதும்வரை வாரன்டி. தினமும் ஸ்வாப்புக்கே 20 ஜிபி போகிறது என்று வைத்தாலும் அந்த அளவைத் தொட 20 ஆண்டு ஆகும். நான் அவ்வளவு எழுதுவதும் இல்லை, டிரைவின் நிலையைக் காட்டும் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையில் பார்த்தால் தெரிகிறது.

வேகம்? ஹார்ட் டிஸ்கில் சிதறிக் கிடக்கும் 4 கேபி பக்கங்களை (ரேமிலிருந்து தள்ளிய துண்டுகளை) தேடி எடுக்க ஒவ்வொன்றுக்கும் பத்து மில்லிசெகண்ட் அளவுக்கு ஆகும், எஸ்எஸ்டியில் படிக்கும் தலை நகர வேண்டிய வேலையே இல்லை. இப்போது அதே கம்பைல் ஓடும்போது டேப் மாற்றினால் ஒரு சின்னத் தயக்கம், அவ்வளவுதான்.

ஆனால் இது ரேமுக்கு மாற்று இல்லை. மெமரி நிலவரம் காட்டும் விஎம்ஸ்டாட் கட்டளையில் எஸ்ஐ (ஸ்வாப்பிலிருந்து ரேமுக்கு வருவது), எஸ்ஓ (ரேமிலிருந்து ஸ்வாப்புக்குப் போவது) இரண்டு பத்தியிலும் எண்கள் விடாமல் ஓடிக்கொண்டே இருந்தால் எந்த எஸ்எஸ்டியும் காப்பாற்றாது, ரேம்தான் போதவில்லை. மலிவான சில டிரைவ்களில் தொடர்ந்து எழுதும்போது வேகம் சட்டென்று படுத்துவிடும், டிரைவ் நிரம்பி வழிந்தால் இன்னும் மோசம், அதனால் கொஞ்சம் காலி இடம் விட்டு வையுங்கள்.

ஸ்வாப்பினஸை (எவ்வளவு தாராளமாக ஸ்வாப் செய்யலாம் என்று லினக்ஸுக்குச் சொல்லும் எண்ணை) 1 ஆக்கு, 10 ஆக்கு என்று பலர் சொல்வார்கள். நான் 60 என்ற இயல்பு மதிப்பிலேயே விட்டுவிட்டேன், ஏனென்றால் அதை ரொம்பக் குறைத்தால் லினக்ஸின் மையமான கெர்னல், ஃபைல் கேஷை (படித்த ஃபைல்களை ரேமில் வைத்திருக்கும் நகலை) தூக்கி எறிந்துவிட்டு அதையே மறுபடி டிஸ்கிலிருந்து படிக்கிறது. பேஜ் கிளஸ்டரை (ஸ்வாப்பிலிருந்து ஒரே தடவையில் எத்தனை பக்கம் இழுப்பது என்ற அமைப்பை) மட்டும் 3இலிருந்து 0 ஆக்கினேன், இப்போது ஒரு பக்கம்தான் வரும். 3 இருந்தால் ஒரு பக்கம் கேட்டாலும் எட்டுப் பக்கத்தைச் சேர்த்து இழுக்கும், அது ஹார்ட் டிஸ்குக்குத்தான் லாபம்.

அப்புறம் இசட்ரேமையும் (ரேமுக்குள்ளேயே சுருக்கி வைக்கும் ஸ்வாப்பையும்) சேர்த்து, அதற்கு முன்னுரிமை கூட்டி வைத்தேன். முதலில் அது நிரம்பும், மிச்சம்தான் எஸ்எஸ்டிக்குப் போகும். ஹைபர்னேட் செய்பவர்கள் (ரேமில் இருப்பதை ஸ்வாப்பில் எழுதிவிட்டு லேப்டாப்பை அணைப்பவர்கள்) மட்டும் எஸ்எஸ்டியில் ரேம் அளவுக்காவது ஸ்வாப் ஒதுக்கிவிடுங்கள், இசட்ரேம் ரேமுக்குள்ளேயே இருப்பதால் மின்சாரம் நின்றதும் அதில் இருப்பதும் போய்விடும்.