அரை மில்லிமீட்டர் தள்ளிய துளை: ஆறு வருட ரெக்கார்டு அனுபவம்

அக்கா மகன் போன ஞாயிற்றுக்கிழமை போன் செய்தான். "மாமா, கர்நாடக சங்கீதத்துல ஒரு லிமிடெட் எடிஷன் ரெக்கார்டு வந்திருக்கு. நம்பர் போட்ட பிரதியாம், 4,800 ரூபாய். வாங்கலாமா?" அவன் கேட்ட நேரத்தில் நான் ஓர் உருண்டை அரத்தை வைத்துக்கொண்டு, அதேபோல நம்பர் போட்ட என் வீணை ரெக்கார்டின் நடுத்துளையை ராவிக்கொண்டிருந்தேன். "ராத்திரி சொல்றேன்டா" என்று வைத்துவிட்டேன். ராத்திரி நான் சொன்னது ஒரே வார்த்தை. அதற்குப் பின்னால் ஆறு வருடக் கதை இருக்கிறது.

என்னிடம் இருப்பது ஆடியோ டெக்னிகா எல்பி120எக்ஸ் என்ற ரெக்கார்டு ப்ளேயர். 2019 கடைசியில் வாங்கினேன். அதன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. வேகம் பிசகியதில்லை, மோட்டார் சத்தம் போட்டதில்லை. ஊசியை மட்டும் மூன்று முறை மாற்றியிருக்கிறேன். கூட வரும் நீள்வட்ட முனை ஊசிக்கு ஏறத்தாழ 300 மணி நேரம்தான் ஆயுள். அதைத் தாண்டினால் பாட்டில் வரும் 'ச', 'ஷ' எல்லாம் சீற ஆரம்பிக்கும். மிஷினைப் பற்றி இவ்வளவு போதும். என் பிரச்சினை மிஷினில் இல்லை, அதன் மேல் வைக்கிற தட்டில்.

ரெக்கார்டுகள் நூற்றெண்பது சொச்சம் இருக்கின்றன. பாதி அப்பா விட்டுப்போனவை. எச்.எம்.வி. ஃபியஸ்டா ப்ளேயரில் அவர் போட்டுக் கேட்ட எல்பி என்ற பெரிய தட்டுகள், நான்கு பாட்டு மட்டும் உள்ள இ.பி-கள், எம்.எஸ். அம்மாவின் 1963 சுப்ரபாதம். மிச்சத்தில் பெரும்பாலானவை மூர் மார்க்கெட்டில் பொறுக்கியவை. சேகரிப்பாளர்களுக்கென்றே அச்சடித்த பதிப்புகள் பதினான்கு. கனமான 180 கிராம் தட்டு, தடித்த அட்டை, எண் முத்திரை, சில நேரம் கலர் வினைல். இந்தப் பதினான்குக்குக் கொடுத்த பணம், மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கொடுத்ததைவிட அதிகம். அந்தப் பதினான்கில் ஐந்துக்குத் துளை நடுவில் இல்லை.

இதை ரெக்கார்டு கேட்காதவர்களுக்கு விளக்கியாக வேண்டும். தட்டின் பள்ளம் ஒரு சுருள் வட்டம். அந்த வட்டத்தின் மையமும் தட்டின் துளையும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். அரை மில்லிமீட்டர் தள்ளிவிட்டால், ஒவ்வொரு சுற்றிலும் ஊசி ஒருமுறை மையத்துக்கு அருகில் வந்து, ஒருமுறை விலகிப் போகும். பள்ளம் ஊசிக்குக் கீழே ஓடும் வேகமும் அதோடு சேர்ந்து ஏறி இறங்கும். சுருதியும் கூடவே ஏறி இறங்கும். நிமிடத்துக்கு முப்பத்து மூன்றும் மூன்றில் ஒரு பங்கும் சுற்று என்பதால், 1.8 விநாடிக்கு ஒருமுறை ஓர் ஆட்டம். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தட்டின் நடுப்பகுதியில், மையத்திலிருந்து பத்து சென்டிமீட்டர் தூரத்தில், அரை மில்லிமீட்டர் பிசகு என்றால் சுருதி அரை சதவீதம் மேலே போய், அரை சதவீதம் கீழே வருகிறது. அடுத்தடுத்த இரண்டு ஸ்வரஸ்தானங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியை நூறு பங்காக்கினால், மேலே எட்டரைப் பங்கு, கீழே எட்டரைப் பங்கு. பக்கம் முடிகிற இடத்தில், ஆறு சென்டிமீட்டருக்கு வரும்போது, அது பதினான்கு பங்காகிவிடுகிறது.

சினிமாப் பாட்டில் இது பெரிதாகத் தெரியாது. தாளமும் வயலின் கூட்டமும் குரலும் சேர்ந்து மறைத்துவிடும். நான் அதிகம் கேட்பது வீணையும் நாகஸ்வரமும் புல்லாங்குழலும். பின்னால் தம்புரா. நம் சங்கீதத்தில் ஷட்ஜமும் பஞ்சமமும் அசையாத ஸ்வரங்கள். மற்ற ஸ்வரங்களை எவ்வளவு வேண்டுமானாலும் அசைக்கலாம், இழுக்கலாம், சுழற்றலாம். இந்த இரண்டின் மேல்தான் எல்லாம் நிற்கிறது. வித்வான் பஞ்சமத்தில் வந்து நிறுத்துகிறார், கம்பி அதிர்ந்து அடங்க வேண்டும். என் தட்டில் அந்தப் பஞ்சமம் ஊஞ்சல் ஆடியது. அவர் கம்பியை இழுக்கவே இல்லை, ஆனால் கமகம், அதாவது ஸ்வரத்தின் அசைவு, வருகிறது. தம்புராவும் அதே கதிதான். கேட்கக் கேட்க எனக்குத் தலை சுற்றல் மாதிரி வந்துவிட்டது. பக்கத்து அறையிலிருந்த என் மனைவி, சங்கீதம் கற்றவள் இல்லை, "ஏன் அது தண்ணிக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கு?" என்று கேட்டாள். 5,200 ரூபாய் கொடுத்த தட்டு அது. 500 பிரதிகளில் ஒன்று.

கண்ணாலேயே கண்டுபிடிக்கலாம். தட்டு ஓடும்போது மேலிருந்து ஊசிக் கையின் முனையைப் பாருங்கள். கை மெதுவாக உள்ளே மட்டும் நகர வேண்டும். பக்கவாட்டில் போய்ப் போய் வந்தால் துளை தள்ளியிருக்கிறது என்று அர்த்தம். தட்டு மேலும் கீழும் அலைவது வேறு விஷயம். அது வெயிலிலோ சாய்த்து வைத்ததிலோ வளைந்த தட்டு. ஓரளவு வளைந்ததை ஊசி சமாளித்துவிடும், காதுக்குக் கூடத் தெரியாது.

விற்றவர்களுக்கு எழுதினேன். மரியாதையாகத்தான் பதில் வந்தது, மாற்றுப் பிரதியும் அனுப்பினார்கள். அதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். மாற்றுப் பிரதியிலும் ஏ பக்கம் சரி, பி பக்கம் அதே ஆட்டம், அதே அளவு. அப்புறம்தான் படித்துப் புரிந்துகொண்டேன். ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனி உலோக அச்சு உண்டு. அந்த அச்சுக்கு நடுத்துளை போடும்போது பள்ளத்தைப் பார்த்து மையப்படுத்த வேண்டும். அங்கே ஒருவர் அவசரப்பட்டால், அந்த அச்சிலிருந்து வருகிற அத்தனை தட்டிலும் அதே பிழை இருக்கும். 500 பேர் வீட்டிலும் அந்தப் பஞ்சமம் ஆடிக்கொண்டிருக்கிறது. மறுபடி எழுதியபோது "அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்தான் இருக்கிறது" என்று பதில். யார் அனுமதித்தது? தம்புரா போட்டுக் கேட்கிறவன் அனுமதிக்கவில்லை.

இது இன்றைக்கு நேற்று வந்த தொல்லை இல்லை. 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானின் நாகமிச்சி நிறுவனம் டிஎக்ஸ்-1000 என்று ஒரு ப்ளேயர் செய்தது. தட்டின் பள்ளத்தை அதுவே அளந்து, மையம் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று கண்டுபிடித்து, தட்டை நகர்த்திச் சரிசெய்துகொள்ளும். கார் விலைக்கு ஒரு ப்ளேயர் செய்து இந்த அரை மில்லிமீட்டரைத் துரத்தியிருக்கிறார்கள் என்றால், அது என் காதின் பிரமை இல்லை.

ஒரு நியாயம் சொல்ல வேண்டும். அப்பாவின் தட்டுகளில், கல்கத்தா டம்டம் தொழிற்சாலையில் அச்சானவற்றில், எனக்குத் தெரிந்து துளை தள்ளியவை இரண்டோ மூன்றோதான். ஆனால் அவற்றில் கரகரப்பு உண்டு, அட்டையில் பூஞ்சை உண்டு, ராமபாணப் பூச்சி அரித்த மூலைகள் உண்டு. புதிய சேகரிப்புப் பதிப்புகள் அப்படி இல்லை. ஊசி இறங்கியபின் பாட்டு தொடங்கும்வரை ஒரு சத்தமும் இருக்காது. வீணையின் மீட்டு ஒவ்வொன்றும் நகம் கம்பியில் படுகிற இடத்தோடு கேட்கும். அந்த வீணைத் தட்டின் ஏ பக்கத்தை நான் நூறு தடவையாவது கேட்டிருப்பேன். இவ்வளவு நன்றாகச் செய்யத் தெரிந்தவர்கள் அந்தத் துளையைக் கோட்டைவிட்டதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அட்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழையதோ புதியதோ, ரெக்கார்டு அட்டையின் பின்பக்கத்தில் பக்கவாத்தியக்காரர்கள் பெயர் இருக்கும். மிருதங்கம் யார், கடம் யார், தம்புரா யார் என்பது வரை சில தட்டுகளில் போட்டிருப்பார்கள். போனில் கேட்கும்போது பாடகர் பெயர் மட்டும்தான் கிடைக்கிறது. தனி ஆவர்த்தனத்தில் உயிரைக் கொடுத்து வாசித்தவர் யார் என்று தெரியாமலே கேட்டு முடிக்கிறோம். நான் மிருதங்க வித்வான்களின் கையை அடையாளம் காணக் கற்றுக்கொண்டது முழுக்க இந்த அட்டைகளால்தான்.

மூர் மார்க்கெட் என்று நான் சொல்வது 1985-ல் எரிந்துபோன பழைய கட்டடத்தை அல்ல, சென்ட்ரல் பக்கத்தில் அதன் பெயரைச் சுமந்துகொண்டிருக்கும் கடைகளை. அங்கே தமிழ் ரெக்கார்டு வாங்குகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பழைய தமிழ் சினிமாத் தட்டுகளில் பெரும்பகுதி ரேடியோ செட் கடைகளிலிருந்து வந்தவை. கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் கோயில் கொடை என்று குழாய் ஸ்பீக்கரில் ஓடி ஓடித் தேய்ந்தவை. லேபிளில் மையால் பெரிதாக எண் எழுதியிருக்கும், அட்டையில் சவுண்ட் சர்வீஸ் ரப்பர் ஸ்டாம்பு இருக்கும். கனமான ஊசி பள்ளத்தை உழுதிருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பளபளவென்று கறுப்பாக இருந்தால் வாங்கலாம், சாம்பல் பூத்திருந்தால் எவ்வளவு கழுவினாலும் பயனில்லை. திருவிளையாடல் கதை வசனத் தட்டு எனக்கு மூன்று கிடைத்தது, மூன்றும் சாம்பல். கழுவுவது என்றதும் ஒரு எச்சரிக்கை: எழுபத்தெட்டு சுற்றுத் தட்டுகள் அரக்கில் செய்தவை, ஆல்கஹால் கலந்த திரவம் பட்டால் கரைந்துவிடும். வெறும் சுத்தமான நீர் போதும்.

அங்கேயே, தேய்ந்த தட்டு இருநூறு ரூபாய் என்றால், இளையராஜாவின் 1980-களின் எல்பி-கள் சில ஆயிரங்களுக்குப் போகின்றன. கேசட் கோலோச்சிய காலத்தில் வந்தவை அவை, இப்போது நல்ல நிலையில் ஒன்று கிடைப்பது அபூர்வம். அதைக் கேட்பதற்காக வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷம். ஆனால் கடைக்காரர் ஒருவர், ஓரத்தில் கூடப் பிரிக்காத ஒரு தட்டைக் காட்டி, "சார், இதைப் பிரிச்சா பாதி விலை" என்றார். அந்த வாக்கியம் மனதில் தங்கிவிட்டது. கேட்டால் விலை குறைகிற பொருளை, கேட்கிறவன் எதற்காக வாங்க வேண்டும்?

2022-ல் அமெரிக்காவில் நடந்ததையும் நினைத்துக்கொள்கிறேன். மொபைல் ஃபிடிலிட்டி என்ற நிறுவனத்தின் சேகரிப்புப் பதிப்புகளைப் பலர் முழுக்க முழுக்க அனலாக் என்று நம்பி நூறு டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியிருந்தார்கள். நடுவில் டிஜிட்டல் பதிவு ஒன்று இருந்தது என்று அந்த வருடம் வெளிவந்தது. வழக்கெல்லாம் போட்டார்கள். அவ்வளவு வருடம் அந்தத் தட்டுகளை உலகத்தின் மிகச் சிறந்த ஒலி என்று கொண்டாடிய காதுகள் அவை. ஒலி மாறவில்லை, சொல்லப்பட்ட கதை மட்டும்தான் மாறியது. அப்படியானால் விலையில் எவ்வளவு ஒலிக்கு, எவ்வளவு கதைக்கு?

சரி, அரத்துக்கு வருகிறேன். ஏழு மில்லிமீட்டர் சொச்சம் இருக்கும் துளையைச் சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் பெரிதாக்கினேன். லேபிள் மேல் காகிதம் ஒட்டி, தூள் பள்ளத்தில் விழாமல் ஈரத்துணி வைத்து, நாற்பது நிமிடம். அப்புறம் தட்டை வைத்து, ஓடவிட்டு, ஊசிக் கையின் ஆட்டத்தைப் பார்த்து, நிறுத்தி, விரலால் ஒரு பக்கம் லேசாகத் தட்டி, மறுபடி ஓடவிட்டு, மறுபடி நிறுத்தி. ஏழாவது முயற்சியில் கை ஆடாமல் நின்றது. இனி ஏ பக்கத்துக்கும் இதையே செய்ய வேண்டும், துளை பெரிதாகிவிட்டதால் தட்டு தானாக நடுவில் உட்காராது. சேகரிப்பாளர் கணக்கில் அந்தத் தட்டு அன்றோடு செத்துவிட்டது. அட்டையில் இருக்கும் எண்ணுக்கு இனி மதிப்பில்லை.

பி பக்கம் முழுவதும் கேட்டேன். தோடி. ஆலாபனை முடிந்து வித்வான் பஞ்சமத்தில் வந்து நின்றபோது அது நின்றது. மூன்று வருடம் ஆடிக்கொண்டிருந்த பஞ்சமம். இந்த வருடம் நான் கேட்ட சங்கீதத்தில், கச்சேரிகளையும் சேர்த்து, அந்த இருபத்திரண்டு நிமிடத்துக்கு ஈடு எதுவும் இல்லை. மனைவி வாசலில் வந்து நின்று கேட்டுவிட்டு, "இப்போ தண்ணிக்கு வெளியே வந்துடுச்சு" என்றாள்.

ராத்திரி அக்கா மகனைக் கூப்பிட்டேன். "வாங்காதே" என்றேன்.

"ஏன் மாமா? நல்லா இருக்காதா?"

"ரொம்ப நல்லா இருக்கும். அதான் கோவம் வருது. 4,800 ரூபாய் கொடுத்துட்டு நீ அரம் தேடிக்கிட்டு இருப்ப. அந்தக் காசுக்கு டிசம்பர்ல சீசன் டிக்கெட் வாங்கு."

அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "உங்க வீணை ரெக்கார்டு இப்போ எப்படி இருக்கு?" என்று கேட்டான்.

"சனிக்கிழமை வா" என்றேன். "சாயங்காலம் அஞ்சு மணிக்கு முன்னாடியே வந்துடு. தட்டை நடுவுல உட்கார வைக்கக் கொஞ்சம் நேரம் ஆகும்."