தோட்டத்து ரோட்டுக்கு எந்த டயர்: 2.1 அங்குலமா, 2.4 அங்குலமா?

மூன்று வருடம் 2.1 அங்குல டயரில் ஓடிவிட்டு இந்த வருடம் ஜனவரி கடைசியில் 2.4க்கு மாறினேன். சைக்கிள் அதேதான்: 29 அங்குலச் சில்லு, முன்னுக்கு மட்டும் சஸ்பென்ஷன். பாதையும் அதேதான். பண்டாரவளையிலிருந்து ஹப்புத்தளை, அங்கிருந்து தம்பேதன்ன, லிப்டன் சீட் பக்கம், பிறகு தார் ரோட்டை விட்டுத் தேயிலை மலைக்குள் பிரிகிற கொழுந்து லொறிப் பாதைகள். டயரைத் தவிர வேறெதுவும் மாறாததால் வித்தியாசம் தெளிவாகவே தெரிந்தது. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம்முடைய மலைக்கு அகலம்தான்.

ஒடுக்கமான டயர் பாரம் குறைவு, விலையும் குறைவு, பெரும்பாலான கடைகளில் கிடைக்கும். ஹப்புத்தளை ஏற்றத்தைத் தாரிலேயே ஏறி இறங்குகிறவருக்கு அது போதும். என் 2.4 டயர் ஒவ்வொன்றும் பழையதைவிட நூற்றைம்பது கிராம் அளவில் கூட. நீளமான ஏற்றத்தில் முதல் வாரம் அது காலில் தெரிந்தது, பிறகு பழகிவிட்டது. இதற்கு மேல் இந்த விஷயத்தில் சொல்ல ஒன்றுமில்லை.

சொல்ல வேண்டியது காற்றைப் பற்றி.

பழைய தோட்டத்து ரோட்டு எப்படியிருக்கும் என்று நமக்குத் தெரியும். ஒரு காலத்தில் கருங்கல் அடுக்கித் தார் ஊற்றியிருப்பார்கள். தார் போய்விட்டது, கல் மட்டும் நிற்கிறது. அதுவும் படுத்திருக்காது, முனை மேலே பார்த்தபடி குத்துக்கல்லாக நிற்கும். போன ஆகஸ்ட்டில், கச்சான் காற்று வீசுகிற நாளில், அப்படி ஓர் இறக்கத்தில் மூன்றாவது முடக்கு திரும்பும்போது பின்சில்லில் "டங்" என்று ஒரு சத்தம். இருபது அடி போவதற்குள் சில்லு தரையில். பக்கத்து லயத்துப் பீலித் தண்ணீரில் டியூபைப் பிடித்து அமுக்கினேன். ஒரு விரல் அகல இடைவெளியில், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இடத்திலிருந்து குமிழி வந்தது. டயரின் உள்பக்கம் முழுக்கத் தடவிப் பார்த்தும் முள்ளோ கம்பியோ இல்லை. மறுநாள் டவுனில் சைக்கிள் கடை அண்ணன் அதைப் பார்த்த உடனேயே சொன்னார்: "தம்பி, இது எதுவும் குத்தினது இல்ல. ரிம் கடிச்சது. காத்து பத்தல."

அவர் சொன்னது சரி. கல்லில் மோதும்போது டயர் ரிம் வரைக்கும் நசுங்குகிறது. கல்லுக்கும் ரிம்மின் இரண்டு விளிம்புக்கும் நடுவில் டியூப் மாட்டிக்கொள்கிறது. அதனால்தான் இரண்டு ஓட்டை. நான் 68 கிலோ. 2.1 டயரில் காற்றழுத்தம் 28 பி.எஸ்.ஐ. வைத்தால் மாதம் ஒரு தடவையாவது ரிம் கடிக்கும். அதைத் தடுக்க 36க்கு ஏற்றினேன். கடி நின்றது, ஆனால் சைக்கிள் ஓட்டுகிற சுகமே போய்விட்டது. இறக்கத்தில் ஒவ்வொரு கல்லும் மணிக்கட்டுக்கு வந்தது. அதைவிட மோசம் ஏற்றம். உதிரிக் கல்லில் பின்சில்லு பிடிக்காமல் வெறுமனே சுற்றும், இறங்கித் தள்ள வேண்டியதுதான். ஒடுக்கமான டயரில் இந்த இரண்டு தொல்லையில் ஒன்றைத்தான் தவிர்க்க முடியும். மூன்று வருடம் அதைத்தான் மாற்றி மாற்றிச் செய்துகொண்டிருந்தேன்.

2.4 டயர் அகலமாக இருப்பதோடு உயரமாகவும் இருக்கிறது. உள்ளே பிடிக்கிற காற்று ஏறத்தாழ 30 சதவீதம் அதிகம். ஆகவே குறைந்த அழுத்தத்திலும் கல் ரிம் வரை போய்ச் சேர்வதில்லை. இப்போது முன்னுக்கு 22, பின்னுக்கு 24 வைக்கிறேன், அதுவும் டியூபோடு. ஜனவரியிலிருந்து இன்றுவரை ரிம் ஒரு தடவைகூடக் கடிக்கவில்லை. ஒரே ஒரு பஞ்சர், அதுவும் கவ்வாத்து வெட்டிய மலையோரம் பாதையில் கிடந்த மிலாறு, அதாவது வெட்டிப்போட்ட தேயிலைக் குச்சி, டயரின் பக்கச்சுவரில் குத்தியது. சாய்வாக வெட்டின மிலாறு முனைக்கு எந்த அகல டயரும் தாக்குப்பிடிக்காது.

அகல டயர் உருளுவதற்குக் கஷ்டம் என்று பலர் நினைக்கிறார்கள், நானும் நினைத்தேன். ஒரே அழுத்தத்தில் இரண்டும் தரையில் படுகிற பரப்பு கிட்டத்தட்ட ஒன்றுதான். அகல டயரில் அந்தப் பரப்பு குட்டையாகவும் அகலமாகவும் விழுவதால் டயர் வளைவது குறைவு. கல் ரோட்டில் அதைவிடப் பெரிய விஷயம் இன்னொன்று: இறுகிய டயர் கல்லுக்குக் கல் சைக்கிளையும் ஆளையும் தூக்கிப் போடுகிறது, நம் பலம் அங்கேதான் வீணாகிறது. மெத்தென்ற டயர் கல்லை உள்ளே வாங்கிக்கொண்டு போய்விடும். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் கிராஸ் கன்ட்ரி முதன்முதலாகச் சேர்ந்தபோது ஓட்டுநர்கள் 26 அங்குலச் சில்லில் 2 அங்குலத்தை ஒட்டிய டயர்தான் போட்டார்கள். இன்று உலகக் கோப்பைப் பந்தயத்தில் 2.4 சாதாரணம். ஒவ்வொரு வினாடியையும் எண்ணுகிறவர்களே அந்தப் பக்கம் போயிருக்கிறார்கள்.

சேறு வேறு விஷயம். ஒடுக்கமான டயர் சேற்றை வெட்டிக்கொண்டு அடியிலுள்ள கெட்டி மண்ணைத் தொடும், அகலமானது மேலேயே வழுக்கும். பண்டாரவளை, ஹப்புத்தளை இருக்கிற ஊவாவில் ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை பெரிய மழை. நான் மாறினது அது முடிகிற நேரத்தில் என்பதால் முழு மழைக்காலம் இந்த டயரில் இன்னும் ஓடவில்லை. மே மாதத்துக்குப் பிறகு நனைகிற அட்டன், மஸ்கெலியாப் பக்கம் இரண்டே தடவைதான் போனேன். இரண்டாவது தடவை பின்சில்லுக்கும் பிரேமுக்கும் நடுவில் செம்மண் அப்பி, குச்சியால் தோண்டித்தான் எடுத்தேன். அந்தப் பக்கத்தில் மழையிலும் நிறுத்தாமல் ஓட்டுகிறவர் சொல்வதை என் சொல்லுக்கு மேலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

பராமரிப்பில் ஒரு கூடுதல் வேலை உண்டு. 36 பி.எஸ்.ஐ. காலத்தில் விரலால் அமுக்கிப் பார்த்தே ஓடினேன், இரண்டு கூடினாலும் குறைந்தாலும் பெரிதாகத் தெரியாது. 24இல் அது நடக்காது. மூன்று குறைந்தால் முடக்கில் டயர் நெளியும், நான்கு கூடினால் வாங்கின பலனே இல்லை. அதனால் கேஜ் உள்ள பம்ப் கட்டாயம். திரீவீலர் கராஜ் கம்ப்ரஷரை நம்பவே வேண்டாம், நொடியில் ஐம்பதுக்குப் போய்விடும். அதோடு நம் டியூபில் பெரும்பாலும் மெல்லிய வால்வு, அந்தக் குழாய் அதில் பிடிக்காது. சிறிய பித்தளை அடாப்டர் ஒன்று சீட்டுப் பையில் எப்போதும் இருக்கட்டும். டியூபில்லாமல் சீலன்ட் ஊற்றி ஓடுவது இன்னும் நல்லது என்கிறார்கள். நண்பரின் சைக்கிளில் இரண்டு மாதம் ஓடிப் பார்த்ததில் பிடித்திருந்தது. ஆனால் அந்தப் பால் சில மாதத்தில் காய்ந்துவிடும், திரும்ப ஊற்ற வேண்டும், எங்கள் டவுனில் கிடைப்பதில்லை. இப்போதைக்கு டியூபோடுதான் இருக்கிறேன்.

வாங்குவதற்கு முன் இரண்டு அளவு பாருங்கள். முதலாவது ரிம்மின் உள் அகலம். என்னுடையது 25 மில்லிமீட்டர், 2.4 ஒழுங்காக உட்கார்கிறது. பழைய 19, 21 ரிம்மில் அது பல்பு மாதிரி உப்பி நிற்கும், காற்றைக் குறைத்தால் முடக்கில் தள்ளாடும். அப்படியிருந்தால் 2.25க்கு மேல் போக வேண்டாம். இரண்டாவது பின்சில்லு உட்காருகிற இடம். 2.4 என்பது 61 மில்லிமீட்டர், ஏறத்தாழ. இப்போதுள்ள டயர் 2.1 என்றால் பக்கத்துக்கு இன்னும் நான்கு மில்லிமீட்டர் போகும். அதற்குப் பிறகும் டயருக்கும் பிரேமுக்கும் நடுவில் இரண்டு பக்கமும் ஒரு பென்சில் நுழைய வேண்டும்.

என் மச்சானின் சைக்கிளில் பின்னால் பென்சில் நுழையவில்லை, முன்னால் தாராளமாக நுழைந்தது. அவருக்கு முன்னுக்கு 2.4, பின்னுக்கு 2.25 போட்டோம். என்னைவிட ஆறு கிலோ கூட என்பதால் 24, 28இல் ஓடுகிறார். போன ஞாயிறு அதே மூன்றாவது முடக்கில் எனக்கு முன்னால் இறங்கினார், "டங்" கேட்கவில்லை.