இத்தாலிய மொழியைத் தமிழ் வழியாகக் கற்றுக்கொண்டேன்: பொலோஞ்ஞாவில் மூன்று வருட அனுபவம்

ரொட்டிக் கடையில் அந்த அம்மா கேட்டது ஒரே ஒரு சொல். "ஆல்த்ரோ?" வேறு ஏதாவது வேண்டுமா என்று கேட்கிறார். எனக்குப் புரியவில்லை. எனக்குப் பின்னால் நான்கு பேர் வரிசையில் நிற்கிறார்கள். என் கைப்பேசியில் இருந்த மொழிச் செயலியோ, நான் 200 நாளுக்கு மேல் ஒருநாள்கூட விடாமல் இத்தாலிய மொழி படித்திருக்கிறேன் என்று கணக்குக் காட்டிக்கொண்டிருந்தது. முதலை தண்ணீர் குடிக்கிறது, அரசன் ஆப்பிள் சாப்பிடுகிறான் என்றெல்லாம் அதில் நான் பிழையில்லாமல் எழுதுவேன். ரொட்டி வாங்கி முடிக்கத் தெரியவில்லை.

திருச்சியிலிருந்து பொலோஞ்ஞாவுக்கு நாங்கள் வந்தது 2022 இலையுதிர் காலத்தில். கணவருக்குப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு வேலை. அவருக்கு ஆங்கிலம் போதும். கடை, பேருந்து, மருந்தகம், பெண்ணின் பள்ளிக்கூடம், மாடிவீட்டுப் பாட்டி எல்லாம் என் பக்கம். இங்கே ஆங்கிலத்தில் பேசினால் யாரும் கோபப்படுவதில்லை, சிரித்துக்கொண்டே கைவிரித்துவிடுவார்கள். மூன்று வருடத்தில் எனக்கு எது உதவியது, எது உதவவில்லை என்பதை எழுதி வைக்கிறேன். இந்த ஊருக்கு வரும் தமிழர்களுக்கும், பத்து நாள் சுற்றுலாவுக்கு வருகிறவர்களுக்கும் பயன்படும்.

முதலில் செயலி. ஒன்பது மாதம் பயன்படுத்தினேன். சொற்கள் சேர்ந்தன, அதை மறுக்க மாட்டேன். ஆனால் ஒவ்வொரு வாக்கியமும் ஆங்கிலம் வழியாகப் போய் வர வேண்டியிருந்தது. யாராவது பேசினால் அதை ஆங்கிலமாக்கி, பதிலை ஆங்கிலத்தில் யோசித்து, திரும்ப இத்தாலிய மொழிக்குக் கொண்டுவருவதற்குள் எதிரே நிற்பவர் அடுத்த ஆளைப் பார்க்கத் தொடங்கிவிடுவார். அடுத்து அரை மணி நேர ஒலிப்பாடங்கள். ஒரு குரல் கேள்வி கேட்டுவிட்டு, நாம் பதில் சொல்ல இடைவெளி விடும். பாத்திரம் கழுவும்போது சத்தமாகப் பதில் சொல்லிக்கொண்டே இருப்பேன். வாய் திறந்தது இதனால்தான். ஒன்றுக்கு மட்டும் பணம் செலவழிக்கலாம் என்றால் ஒலிப்பாடத்துக்கே செலவழியுங்கள்.

ஆனால் கதவு திறந்தது வேறு இடத்தில். இங்கே பெரியவர்களுக்காக அரசு நடத்தும் கல்வி மையங்கள் உண்டு. சுருக்கமாகச் 'சிபியா' என்பார்கள். இரண்டாவது குளிர்காலத்தில் அங்கே மாலை வகுப்பில் சேர்ந்தேன். ஒருநாள் ஆசிரியை, "தலைவலி" என்பதைச் சொல்லிக் கொடுத்தார். "மி ஃபா மாலே லா தெஸ்தா." நோட்டில் பொருளை ஆங்கிலத்தில் எழுதப்போன கை நின்றுவிட்டது. 'மி' என்றால் எனக்கு. எனக்குத் தலை வலிக்கிறது! ஆங்கிலத்தில் இது வேறு மாதிரி நிற்கும். தமிழில் சொல்வது போலவே இத்தாலிய மொழியில் 'எனக்கு' என்று தொடங்குகிறார்கள்.

அன்று இரவு உட்கார்ந்து தேடித்தேடி எழுதினேன். 'மி பியாச்சே', எனக்குப் பிடிக்கும். 'மி ஸேர்வே', எனக்குத் தேவை. 'மி ஸெம்ப்ரா', எனக்குத் தோணுது. 'மி திஸ்பியாச்சே', எனக்கு வருத்தமா இருக்கு. ஆங்கிலம் பேசுகிறவர்கள் 'மி பியாச்சே'யைப் புரிந்துகொள்ளத் தலைகீழாக நின்று யோசிக்க வேண்டும். என் வகுப்பில் அப்படித் தவித்தவர்களைப் பார்த்தேன். நமக்கு அது பிறந்த வீட்டுப் பேச்சு. ஒன்று மட்டும் தனியாக நினைவில் வையுங்கள்: பசி, தாகம், வயது மூன்றும் இந்தக் கூட்டத்தில் சேராது. அவை 'என்னிடம் இருக்கின்றன' என்ற கணக்கு. 'ஓ ஃபாமே', எனக்குப் பசிக்குது.

அதன் பிறகு வினைச்சொல்லும் சுலபமானது. பேசுறேன், பேசுற, பேசுறார், பேசுறோம், பேசுறீங்க, பேசுறாங்க. பார்லோ, பார்லி, பார்லா, பார்லியாமோ, பார்லாத்தே, பார்லனோ. யார் பேசுகிறார் என்பது வாலில் இருக்கிறது. அதனால் நான், நீ என்பதை விட்டுவிடலாம், அவர்களும் விட்டுவிடுகிறார்கள். புணர்ச்சிகூட உண்டு. இருபது, எட்டு சேர்ந்து இருபத்தெட்டு ஆவது போல 'வெந்தி', 'ஒத்தோ' சேர்ந்து 'வெந்தோத்தோ'. இருபத்தொன்று 'வெந்தூனோ'. இரண்டு மொழியிலும் உயிர் வந்து நிற்கும் இடத்தில் முந்தைய உயிர் ஓடிவிடுகிறது. எங்கே, இருக்கிறது இரண்டும் ஒட்டி 'தொவே' ஆவதும் இப்படித்தான்.

ஒலியில் நமக்குப் பெரிய சொத்து இருக்கிறது. 'சிஞ்ஞோரா', 'பாஞ்ஞோ', ஏன் பொலோஞ்ஞா என்ற ஊர்ப்பெயரே நம் ஞகரம். ரகரம் நம்முடையது. முக்கியமாகத் தகரம். இத்தாலிய உணவுப் பெயர்களெல்லாம் நமக்கு ஆங்கிலம் வழியாக வந்ததால் பாஸ்டா, லாட்டே என்று டகரம் போட்டுப் பழகிவிட்டோம். இங்கே நாக்கு பல்லைத் தொடும்: பாஸ்தா, லாத்தே. (காபிக் கடையில் 'லாத்தே' என்று மட்டும் கேட்டால் ஒரு தம்ளர் பால்தான் வரும். அந்தச் சொல்லுக்குப் பொருளே பால்.) இரட்டிப்பு எழுத்தும் அப்படியே. பலி, பல்லி வித்தியாசம் தெரிந்த காதுக்கு 'நோனோ' ஒன்பதாவது, 'நொன்னோ' தாத்தா. 'ஸோனோ' இருக்கிறேன், 'ஸொன்னோ' தூக்கம் என்பது கஷ்டமே இல்லை. வயது சொல்லும்போது 'ஆன்னி' என்று னகரத்தை அழுத்திச் சொல்லுங்கள். ஒற்றையாகச் சொன்னால் சபையில் சொல்லக்கூடாத உடலுறுப்பாகிவிடும்.

தமிழ் நம்மைக் கைவிடும் இடமும் இருக்கிறது. அங்கேதான் நான் அதிகம் உழைத்தேன். நமக்கு நடுவில் ஒற்றை வல்லினம் வந்தால் மெலிந்து ஒலிக்கும், இரட்டித்தால் வலிக்கும். இரண்டே நிலை. இத்தாலிய மொழியில் அதைவிட அதிகம். அலுவலகம், தாகம், ஏழு மூன்றையும் தமிழில் எழுதினால் ஸேதே, ஸேதே, ஸெத்தே. முதல் இரண்டுக்கும் எழுத்தில் வித்தியாசமே இல்லை. முதலாவது 'பாதை'யில் வரும் தகரம், இரண்டாவது 'தண்ணீர்' என்று தொடங்கும் தகரம், ஆனால் நடுவில் ஒற்றையாக நிற்கிறது. நம் வாய்க்கு அந்த நடுநிலை பழக்கமில்லை. நண்பன் என்பதற்கான 'அமீகோ' என்ற சொல்லை நான் சொன்னால் ககரம் மெலிந்து ஸ்பானிய மொழிச் சொல் மாதிரி ஒலிக்கும் என்று ஆசிரியை மாதக்கணக்கில் திருத்தினார். 'பாஸ்தா' என்று எழுதினால் அது உணவா, 'போதும்' என்ற சொல்லா என்பதும் எழுத்தில் தெரியாது.

இதற்கு நான் கண்டுபிடித்த வழி: நோட்டில் எல்லாவற்றையும் தமிழ் எழுத்தில் எழுதி, வன்மையாகச் சொல்ல வேண்டிய எழுத்தின் மேல் சிவப்புப் புள்ளி, மென்மைக்கு நீலப் புள்ளி. நான்கு நோட்டு அப்படி நிரம்பியிருக்கிறது. ஆங்கில எழுத்தில் படித்தபோது வராத உச்சரிப்பு இதில் வந்தது.

இன்னொரு கஷ்டம் ஆண்பால், பெண்பால். மேசை ஆண், நாற்காலி பெண். அஃறிணைக்குப் பால் பார்த்துப் பழகாத நமக்கு இதற்குக் குறுக்குவழி கிடையாது. சொல்லைத் தனியாகப் படிக்காமல் முன்னால் வரும் 'இல்' (ஆண்பால்), 'லா' (பெண்பால்) சேர்த்தே மனப்பாடம் செய்தேன். இன்றும் தப்பு விடுகிறேன். தப்பாகச் சொன்னாலும் காரியம் நடக்கும், அதனால் ஆரம்பத்தில் இதற்காகத் தேங்கி நிற்க வேண்டாம்.

இந்த நாட்டில் பிறந்து தமிழுக்கு வந்தவர் ஒருவரை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. வீரமாமுனிவர் 1680-இல் மாந்தோவா பகுதியில் காஸ்திலியோனே தெல்லே ஸ்திவியேரே என்ற ஊரில் பிறந்தார். இங்கிருந்து ரயிலில் போகிற தூரம்தான் மாந்தோவா. செந்தமிழுக்கு இலக்கணம் எழுதியவர், மக்கள் பேசும் கொடுந்தமிழுக்கும் தனியாக ஓர் இலக்கணம் எழுதினார். பேச்சு மொழிக்குத் தனி ஒழுங்கு இருக்கிறது, அதைத் தனியாகத்தான் கற்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. என் செயலி கோட்டைவிட்டது இதைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

பேச்சு என்றால் எது? கடைக்காரர் 'மி தீகா' என்பார். சொல்லுங்க என்று நம்மூர்க் கடையில் கேட்பது போலவே. 'வொர்ரேய்' என்று தொடங்குங்கள், 'எனக்கு வேணும்னு பார்த்தேன்' என்ற பணிவு அதில் இருக்கிறது. பாலாடைக்கட்டி 'எத்தோ' கணக்கில் கேட்க வேண்டும், ஒரு எத்தோ 100 கிராம். "தூவே எத்தி" என்றால் 200 கிராம். அடுத்து அவர் "ஆல்த்ரோ?" என்பார், நீங்கள் "பாஸ்தா கொஸீ" என்பீர்கள். போதும், அவ்வளவுதான். இந்த ஐந்து வரி நாடகம் காய்கறிக் கடையிலும் மருந்தகத்திலும் அப்படியே நடக்கும். பத்து நாள் பயணத்துக்கு வருகிறவர்கள் இதையும் எண்களையும் நன்றாகப் பழகிக்கொண்டால் பாதி வந்துவிட்டது. எண்களை நாம் சொல்வதைவிடக் காதால் கேட்டுப் பிடிப்பதுதான் கடினம், விலையை வேகமாகச் சொல்வார்கள். ரயில் நிலையத்தில் 'பினாரியோ' நடைமேடை, 'இன் ரிதார்தோ' தாமதம், 'ஷோப்பெரோ' வேலைநிறுத்தம். கடைசிச் சொல்லைக் கட்டாயம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு பத்தி. 'ஸோனோ வெஜெத்தாரியானா' (ஆண் என்றால் 'வெஜெத்தாரியானோ') என்று சொன்னால் போதாது. இந்தப் பகுதியில் பியாதீனா, கிரெஷெந்தீனா ரொட்டிகளில் பன்றிக் கொழுப்புச் சேர்ப்பது மரபு. "ச்சே லோ ஸ்த்ருத்தோ?" என்று கேட்டுவிடுங்கள். சூப்பில் 'ப்ரோதோ' என்றால் பெரும்பாலும் இறைச்சிச் சாறு. காய்கறி சாலட்டில்கூட மீன் வரும், "ஸென்ஸா தொன்னோ" (சூரை மீன் இல்லாமல்) என்று முன்னாலேயே சொல்லுங்கள். 'பெப்பரோனி' என்று பார்த்து, பீட்சாவில் போடும் இறைச்சியோ என்று பயப்பட வேண்டாம், இங்கே அது குடைமிளகாய்.

2024 கோடையில் சிசிலித் தீவிலுள்ள பலெர்மோ போனோம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த தமிழர்கள் பல ஆண்டுகளாக நிறையப் பேர் அங்கே வாழ்கிறார்கள். மோந்தே பெல்லெக்ரீனோ மலையில் சாந்தா ரொசாலியா என்ற கத்தோலிக்கப் புனிதரின் கோயிலுக்கு அவர்களில் இந்துக்களும் போகிறார்கள். பல்லாரோ சந்தையில் நான் "ஸ்போர்த்தீனா" கேட்டேன், கடைக்காரருக்குப் புரியவில்லை. பை என்பதற்குப் பொலோஞ்ஞாப் பக்கம் சொல்கிற சொல் அது. பக்கத்தில் நின்ற ஓர் அக்கா, "எங்கயிருந்து வந்தனீங்கள்?" என்று கேட்டுவிட்டு, இங்கே 'ஸக்கெத்தோ' என்று சொல்லச் சொன்னார். குப்பைக்கு நாங்கள் 'ரூஸ்கோ' என்போம், அங்கே 'முன்னித்ஸா'. அந்த அக்கா வகுப்புக்கே போனதில்லையாம். வீட்டு வேலைக்குப் போன இடத்தில் கிழவிகளோடு பேசிப் பேசி வந்தது என்றார். சந்தைக்காரர்களோடு அவர் பேசிய வேகத்தைக் கேட்டபோது எனக்கு மிகுந்த மரியாதை வந்தது.

என் கிழவி எங்கள் மாடிவீட்டில் இருக்கிறார். வயது 80-ஐ நெருங்குகிறது. பெண்ணுக்கு ஒரு ராத்திரி 39 டிகிரி காய்ச்சல் அடித்தபோது "ஆ த்ரெந்தநோவே தி ஃபெப்ப்ரே" என்று நான் சொன்ன ஒரே வரியில் செருப்புக்கூட மாட்டாமல் இறங்கி வந்து, எந்த மருந்தகம் இரவில் திறந்திருக்கும் என்று தொலைபேசியில் விசாரித்துக் கொடுத்தவர். யோசிக்காமல் நான் சொன்ன முதல் இத்தாலிய வாக்கியம் அதுதான்.

சில மாதம் கழித்து அவர், "தாம்மி தெல் தூ" என்றார். என்னை 'நீ' என்றே கூப்பிடு என்று பொருள். இங்கே அது பெரிய அன்பு, மறுக்கக்கூடாது. இலக்கணப்படி எனக்குச் சுலபமும்கூட. ஆனால் பாட்டி வயதுள்ளவரை 'நீ' என்று சொல்ல வாய் வரவே இல்லை. எங்கள் ஊரில் பெற்ற அம்மாவை 'நீ' என்போம், பக்கத்து வீட்டுப் பாட்டியைச் சொல்ல மாட்டோம் என்று தட்டுத்தடுமாறி விளக்கினேன். முழுதாகக் கேட்டார். அவர் என்னை 'தூ' என்கிறார், நான் அவரை 'லேய்' என்கிறேன், அப்படியே இருக்கிறது.

போன வாரம் மழையில் கடைக்குப் போனவர் சாவியை மறந்துவிட்டார். கீழே வாசலில் மணி அடித்து, பேசும் கருவியில் "மி தாய் இல் தீரோ?" என்றார். கதவுப் பொத்தானை அமுக்கு என்பதைப் பொலோஞ்ஞாக்காரர்கள் மட்டும் இப்படிச் சொல்வார்கள். அடுப்பில் ரசம் கொதித்துக்கொண்டிருந்தது. கரண்டியோடு போய்ப் பொத்தானை அமுக்கிவிட்டு, "மழைல நனைஞ்சிடாதீங்க, மேல வாங்க" என்று இத்தாலிய மொழியில் சொன்னேன்.