கிரணா, ஜோதியா, தமிழா? பிறக்கும் முன்னே ஒரு பெயர்ப் பஞ்சாயத்து

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கும் என் தங்கைக்கு அடுத்த மாதம் பிரசவம். ஆணா பெண்ணா என்று முன்கூட்டிச் சொல்ல 1994ஆம் ஆண்டுச் சட்டம் விடாது. அதனால் இரண்டுக்கும் பொருந்துகிற பெயராகப் பார்த்தோம். நாலு தேறியது.

கிரண், மாப்பிள்ளையின் ஆசை. அவர் மனதில் இருப்பது விக்கெட் கீப்பர் கிரண் மோரே. ஆனால் புதுச்சேரியில் கிரண் என்றால் 2016 முதல் 2021 வரை துணைநிலை ஆளுநராக இருந்த கிரண் பேடிதானே நினைவுக்கு வருவார்? வடமொழியில் அது ஆண்பால் சொல். வடக்கே பெண்களுக்கும் வைக்கிறார்கள். நம் பக்கத்துக் காதுக்கோ அரவிந்த், கார்த்திக் வரிசையில் போய் உட்கார்ந்துவிடுகிறது. பையன் என்றால் சரி. பெண்ணுக்கு வேண்டாம்.

ஜோதி எனக்குப் பிடித்தது. கடலூர் மஞ்சக்குப்பத்துப் பெரியப்பா பெயரும் அதுதான். வள்ளலார் 1872இல் சத்திய ஞான சபையைத் திறந்த வடலூர் கடலூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. அருட்பெருஞ்ஜோதியை நினைத்துத் தாத்தா வைத்த பெயர். ஆனால் பார்சல் கொண்டுவரும் பையன்கள் வாசலில் நின்று, “ஜோதி மேடம் இருக்காங்களா?” என்பார்கள். பெரியப்பா மீசையைத் தடவிக்கொண்டே, “நான்தாம்பா அந்த மேடம்” என்று கையெழுத்துப் போடுவார். இனிஷியலும் காட்டிக்கொடுக்காது. ‘ஜோதி வந்தார்’ என்று எழுதினால் மரியாதைதான் தெரியும், ஆள் தெரியாது. சங்கப் புலவர்களில் ஒக்கூர் மாசாத்தனாரும் உண்டு, மாசாத்தியாரும் உண்டு. முன்னவர் ஆண், பின்னவர் பெண். இருவருக்குமே ‘ஆர்’ இருந்தாலும் நடுவில் உள்ள சாத்தனும் சாத்தியும் சொல்லிவிடுகின்றன. தனி ஜோதிக்கு அந்த வசதி இல்லை. பெண்ணுக்கு அழகாக இருக்கும். பையனுக்கு என்றால் ஜோதிராமன், ஜோதிலிங்கம் என்று ஒரு வால் வேண்டும்.

மிஷெல், பிரெஞ்சுப் படையில் சிப்பாயாக இருந்து பிரான்ஸ் பென்ஷன் வாங்கும் சொல்தா தாத்தாவின் சிபாரிசு. பிரெஞ்சில் ஆண் மிஷெலுக்கும் பெண் மிஷெலுக்கும் எழுத்துதான் வேறு, உச்சரிப்பு ஒன்றே. தமிழில் எழுதினால் அந்த வித்தியாசமும் போய்விடும். தாத்தா ஒருவரைத் தவிர வீட்டில் யாருக்கும் அது வாயில் நுழையவில்லை.

தமிழ்தான் என் ஓட்டு. வீட்டில் தமிழ் என்றே கூப்பிடலாம். பிறந்தபின் செல்வனோ செல்வியோ சேர்த்துக்கொள்ளலாம். பெண் என்றால் தமிழிசையும் உண்டு, கிரண் பேடிக்குப் பின் ஆளுநர் பொறுப்பில் இருந்தவர் பெயர். ஒரே தொல்லை, “தமிழுக்குத் தமிழில் எத்தனை மார்க்?” என்று பள்ளியில் ஓட்டுவார்கள்.

அவசரமும் இல்லை. பிறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிட்டால் போதும். பெயரை 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். இதைச் சொன்னதும் அம்மா எங்கள் பட்டியலை மடித்து அஞ்சறைப்பெட்டிக்கு அடியில் செருகிவிட்டார். “பொறக்கட்டும், மொகத்தப் பாத்துட்டு நான் சொல்றேன்.”